மின்சார வண்டிகளும் ஆகாயக் கோட்டைகளும்

சீவக சிந்தாமணியைப் படித்தோர் அதில் வரும் மயிற்பொறியை மறந்திருக்க மாட்டார்கள். ஏமாங்கத நாட்டு மன்னன் சச்சந்தன், தனக்கு வரவிருக்கும் கேட்டை முன்னுணர்ந்து, கருவுற்றிருந்த தன் தேவி விசயையைக் காக்கும் பொருட்டு வானிற் பறக்கும் மயில் வடிவப் பொறி ஒன்றைச் செய்வித்தான். அமைச்சன் கட்டியங்காரன் அரண்மனையை வளைத்துக்கொண்ட நாளில் விசயை அதிலேறித் தப்பினாள். ஆயின், பகைவனது வெற்றி முரசொலி செவியில் விழவே அவள் மயங்கினாள். இயக்குவாரின்றி மயிற்பொறி தானே கீழிறங்கியது. அது இறங்கிய இடம் நந்தவனமன்று, சுடுகாடு.

திருத்தக்கதேவர் இதனைக் காவிய நிகழ்ச்சியாகவே பாடினார். எனினும், பறக்கும் பொறி எதனைப் பற்றியும் நாம் கேட்கவேண்டிய கேள்வி அதிலே அடங்கியிருக்கிறது. ஏறுவது எப்படி என்பதன்று அக்கேள்வி; இயக்கும் ஆற்றல் தீர்ந்தால் இறங்குவது எங்கே என்பதே.

சென்ற பத்தாண்டுகளுக்கு மேலாக, புதுவகைப் பறக்கும் பொறிகளைப் பற்றிய செய்திகள் உலகப் பத்திரிகைகளில் இடைவிடாது வந்துள்ளன. அவை பெற்றோலால் இயங்குவன அல்ல, மின்சாரத்தால் இயங்குவன. ஓடுபாதை வேண்டாமல் நின்ற இடத்திலிருந்தே நேரே மேலெழுமாம். நகரத்து நெரிசலுக்கு மேலாக அதிக ஓசையின்றிச் செல்லுமாம். டாக்சிக்குக் கொடுக்கும் கூலியிலேயே நம்மை விமான நிலையத்திற் சேர்க்குமாம். விளம்பரங்களோடு அழகிய வண்ணப் படங்களும் வருகின்றன. வீட்டுச் சிறுவர்கள் அப்படங்களைக் கைப்பேசித் திரையிற் காட்டி, “இது எப்போது வரும்?” என்று கேட்கிறார்கள்.

அக்கேள்விக்கு நேர்மையான விடை கூறுதல் பெரியோர் கடன். விடை கூறுமுன், வாக்களித்தவர்கள் யாவர், எந்த ஆண்டைக் குறித்து வாக்களித்தார்கள், அந்த ஆண்டு வந்தபோது நடந்தது யாது என்பவற்றை நோக்குதல் நன்று.

வந்து கழிந்த ஆண்டுகள்

வாடகைக் கார்த் தொழிலிற் பெயர் பெற்ற அமெரிக்க நிறுவனமான ஊபர், 2016ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஆகாய டாக்சிகள் பற்றிய விரிவான அறிக்கை ஒன்றை வெளியிட்டது. 2020இல் சோதனைப் பறப்பு, 2023இல் பொதுமக்களுக்கான சேவை என்று பின்னர் நாள் குறித்தது. 2020ஆம் ஆண்டு வந்தது. அந்த ஆண்டு டிசெம்பர் மாதத்தில் ஊபர் தனது ஆகாயப் பிரிவை ஜோபி என்னும் மற்றொரு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. ஒப்படைத்ததோடு அந்நிறுவனத்தில் 75 மில்லியன் டொலர் முதலீடும் செய்தது. பொருளை விற்பவன் பணம் வாங்குவதே உலக வழக்கு. இங்கோ பெண்ணைக் கொடுத்துச் சீதனமும் கொடுத்த கதையாக முடிந்தது.

கூகிள் நிறுவனத்தைத் தொடங்கியோருள் ஒருவரான லாரி பேஜின் பணபலத்தோடு நடந்த கிற்றிஹோக் நிறுவனம், பல ஆண்டு உழைப்பின் பின்னர் 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் மூடப்போவதாக அறிவித்தது. பணமின்மையால் அது மூடப்பட்டது என்று எவரும் கூற இயலாது.

அடுத்து, 2024ஆம் ஆண்டின் பாரிஸ் ஒலிம்பிக் விழா. ஜேர்மனியின் புருக்சால் நகரத்து வொலொகொப்டர் நிறுவனம், அவ்விழாவின்போது பாரிஸ் வானத்தில் தன் ஆகாய டாக்சி பயணிகளை ஏற்றிப் பறக்கும் என்று கூறியிருந்தது. அந்நிறுவனத்தை வெறும் விளம்பரக்காரர் என்று தள்ளிவிட முடியாது. 2011ஆம் ஆண்டு ஒக்டோபரில், பதினாறு சிறு சுழலிகளை ஒரு சட்டத்திற் பொருத்தி, உடற்பயிற்சிக்குப் பயன்படும் பெரிய இறப்பர்ப் பந்து ஒன்றை அடியில் வைத்து, அதன்மேல் மனிதன் ஒருவனை ஏற்றி, ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் பறந்து காட்டியவர்கள் அவர்களே. அது மெய்யான சாதனை.

ஆயின், ஒன்றரை நிமிடப் பறப்புக்கும் கூலிக்கு ஆளேற்றும் பறப்புக்கும் இடையில் உள்ள தூரம் பெரிது. ஒலிம்பிக் விழா வந்தபோது ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகவரகத்தின் தகுதிச் சான்று கிடைத்திருக்கவில்லை. விழாவின் இறுதி நாளன்று வெர்சாய் அரண்மனைப் பகுதியில், பயணி எவருமின்றி, ஒரு காட்சிப் பறப்பு மட்டும் நடைபெற்றது. அதே ஆண்டு டிசெம்பரில் நிறுவனம் கடன்தீர்க்க முடியாத நிலையை நீதிமன்றத்தில் அறிவித்தது. 2025இல் அதன் உடைமைகள் டயமண்ட் என்னும் விமான நிறுவனத்தின் கைக்கு மாறின.

லிலியம் கூறிய 300 கிலோமீற்றர்

எல்லாவற்றிலும் பெரிய கதை லிலியம் நிறுவனத்தினுடையது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திற் கற்ற நால்வர் 2015இல் அதனைத் தொடங்கினர். அவர்கள் வகுத்த பொறியில் மேலே சுழலும் பெரிய விசிறிகள் இல்லை. இறக்கைகளில், குழாய்க்குள் அடைக்கப்பட்ட சின்னஞ்சிறு மின் விசிறிகள் முப்பத்தாறு வரிசையாக இருந்தன. மணிக்கு 300 கிலோமீற்றர் வேகம், ஒருமுறை மின்னேற்றினால் 300 கிலோமீற்றர் பயணம், 2025இல் பல நகரங்களிற் சேவை என்றெல்லாம் சொல்லப்பட்டது. பார்க்கவும் அது மிக அழகாக இருந்தது.

2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஏரோகூரியர் என்னும் ஜேர்மன் விமானச் சஞ்சிகை, அந்நிறுவனம் கூறிய எண்களைக் கணக்கிட்டுப் பார்த்து, அவை மின்கலங்களின் திறனோடு பொருந்தவில்லை என்று எழுதியது. நிறுவனம் அதனை மறுத்தது. முதலீட்டாளர் பலர் மறுப்பையே நம்பினர். 2021 செப்டெம்பரில் லிலியம் நியூயோர்க்கின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. மொத்தத்தில் 100 கோடி யூரோவுக்கும் அதிகமான பணம் அதிற் செலவாயிற்று.

2024ஆம் ஆண்டு ஒக்டோபரில், கேட்டிருந்த 50 மில்லியன் யூரோக் கடன் உத்தரவாதத்துக்கு ஜேர்மன் மத்திய அரசின் ஆதரவு கிடைக்காமற் போகவே, நிறுவனம் நொடித்தது. நத்தார்ப் பண்டிகைக்குச் சில நாட்களே இருந்தபோது ஏறத்தாழ ஆயிரம் ஊழியர்கள் வேலையிழந்தனர். மீட்பதற்குப் புதிய முதலீட்டாளர் வந்துவிட்டார் என்ற நற்செய்தி பண்டிகைச் சமயத்திலேயே வந்தது. ஆனால் வாக்களித்த பணம் வரவில்லை. 2025 பெப்ரவரியில் நிறுவனம் இரண்டாம் முறையும் நொடித்தது. மனிதன் ஒருவன் உட்கார்ந்து செலுத்த, அப்பொறி ஒருமுறையேனும் வானிற் பறந்ததில்லை. அதன் முந்நூறு காப்புரிமைகளை ஆச்சர் என்னும் அமெரிக்க நிறுவனம் அதே ஆண்டில் 18 மில்லியன் யூரோவுக்கு வாங்கியது.

சிறு நிறுவனங்கள் அனுபவமின்மையால் தவறின என்று சிலர் கூறலாம். உலகின் மிகப்பெரிய விமான உற்பத்தியாளருள் ஒன்றான எயர்பஸ்ஸும் இத்துறையில் இறங்கியது. நான்கு பேர் செல்லத்தக்க மின்சாரப் பொறியை அது வகுத்து வந்தது. 2025 ஜனவரியில், மின்கல நுட்பம் இன்னும் வேண்டிய முதிர்ச்சியை அடையவில்லை என்பதைக் காட்டி, அத்திட்டத்தை நிறுத்திவைத்தது. பணமும், நூறாயிரக்கணக்கான ஊழியரும், பல்லாண்டு அனுபவமும் உடையவர்களே இவ்வாறு கூறுவார்களாயின், தடை மனிதரின் சோம்பலில் இல்லை. பொருளின் இயல்பிலேயே இருக்கிறது என்பது தெளிவாகும். அந்தத் தடையை இனி நோக்குவோம்.

ஓர் அலகின் பாரம்

மாதந்தோறும் வீட்டுக்கு வரும் மின்சாரப் பட்டியலில் ‘அலகு’ என்று ஒரு கணக்கு இருக்கும். ஓர் அலகு என்பது ஒரு கிலோவாற்று மணி. இந்த அலகையே அளவுகோலாகக் கொள்வோம். ஜெட் விமானங்களுக்கு ஊற்றப்படும் எரிபொருள் ஏறக்குறைய நம் வீட்டு மண்ணெண்ணெயைப் போன்றதே. அதில் ஒரு கிலோகிராமில் சுமார் 12 அலகு சக்தி அடங்கியுள்ளது. நல்ல லிதியம் மின்கலம் ஒரு கிலோகிராமில் அடங்குவதோ ஏறத்தாழக் கால் அலகு. அதாவது, ஒன்றுக்கு ஐம்பது.

நியாயமாகக் கணக்கிட்டால் மின்சாரத்தின் பக்கத்திலும் ஒரு நன்மை உண்டு. எரிபொருள் இயந்திரம் தனக்கு ஊட்டப்படும் சக்தியிற் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்கிவிடுகிறது. மூன்றில் ஒரு பங்கு பயன்பட்டாலே பெரிது. மின் மோட்டாரோ பத்தில் ஒன்பது பங்கைப் பயன்படுத்துகிறது. இந்த நன்மையைச் சேர்த்துக்கொண்டாலும், ஒரே பாரத்துக்கு எரிபொருள் பதினைந்து முதல் இருபது மடங்கு வரை அதிக வேலையைச் செய்கிறது.

“மின்சாரக் கார்கள் வீதியில் ஓடுகின்றனவே, அவற்றுக்கு இத்தடை இல்லையா?” என்று வாசகர் கேட்கலாம். காரின் பாரத்தை வீதி சுமக்கிறது. மின்கலத்துக்காக 300 கிலோகிராம் கூடினாலும், சில்லு சற்று அதிகமாக நசுங்குமேயன்றி வேறொன்றும் நேராது. பறக்கும் பொறியின் பாரத்தைச் சுமப்பதற்குக் காற்றைத் தவிர வேறு துணையில்லை. இறக்கையின் உதவியின்றி வானத்தில் நின்ற நிலையில் நிற்க வேண்டுமாயின், விசிறிகள் காற்றை இடைவிடாது கீழே தள்ளிக்கொண்டே இருத்தல் வேண்டும். பாரம் இரு மடங்கானால், அதே விசிறிகளுக்குத் தேவைப்படும் ஆற்றல் இரு மடங்கன்று. ஏறத்தாழ மூன்று மடங்காகும். தூரம் செல்ல மின்கலத்தைக் கூட்டினால் பாரம் கூடும். பாரத்தைத் தூக்க மேலும் மின்கலம் வேண்டும். இவ்வட்டத்திலிருந்து விடுபடுவது எளிதன்று.

மற்றொரு குறையும் உண்டு. நெடுந்தூரம் செல்லும் விமானம் எரிபொருளைச் செலவிடச் செலவிட இலேசாகிக்கொண்டே போகும். மின்கலமோ ஆற்றல் தீர்ந்த பின்னும் அதே பாரத்தோடு இருக்கும். நீர் முழுவதையும் ஊற்றிய பின்னும் நிறைகுடத்தின் கனம் குறையாதிருந்தால், அதைச் சுமப்பவள் பாடு எப்படி இருக்கும்?

மின்கலம் வளர்ந்து வருகிறதே என்பதும் உண்மையே. லிதியம் அயன் மின்கலத்தை சோனி நிறுவனம் 1991இல் முதன்முதலாகச் சந்தைக்குக் கொணர்ந்தது. அன்றுமுதல் ஒரு கிலோகிராமில் அடங்கும் சக்தி ஏறக்குறைய மூன்று மடங்காகியிருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேலான உழைப்பின் பயன் இது. கணிப்பொறிகளின் வேகம் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கொருமுறை இரட்டித்ததைக் கண்டு பழகிய முதலீட்டாளர்கள், மின்கலமும் அவ்வாறே பாயும் என்று எண்ணிவிட்டனர். கணிப்பொறியின் நுண்கருவியைச் சிறிதாக்கிக்கொண்டே போகலாம். இரசாயனப் பொருளின் பாரத்தை அவ்வாறு குறைக்க இயலாது. ஒரு துறையில் வென்ற செல்வர்கள் மற்றொரு துறையிலும் அதே விதி செல்லும் என நம்பியதே இந்தத் துன்பங்களுக்கெல்லாம் வேர் என்பது நம் கருத்து.

பழைய கதைதான்

மின்சாரத்தாற் பறத்தல் புதிய எண்ணமுமன்று. 1884ஆம் ஆண்டு ஓகஸ்ட் 9ஆந் திகதி, பிரெஞ்சு இராணுவ அதிகாரிகளான ஷார்ல் ரெனார், ஆர்தர் கிரெப்ஸ் என்னும் இருவர், ‘லா பிரான்ஸ்’ என்னும் வாயுக் கப்பலில் பாரிசுக்கு அண்மையிலிருந்து புறப்பட்டு, 23 நிமிடங்களில் 8 கிலோமீற்றர் சுற்றிவந்து, புறப்பட்ட இடத்திலேயே இறங்கினர். தன் விருப்பப்படி சென்று திரும்பிய முதல் வானூர்தி அதுவே. அதனை இயக்கியது மின் மோட்டார். அதற்கு ஆற்றல் தந்த மின்கலங்களின் பாரம் மாத்திரம் 435 கிலோகிராம். றைற் சகோதரர்கள் பறப்பதற்கு 19 ஆண்டுகள் முன்னரே மின்சாரம் வானத்தை எட்டிவிட்டது. எனினும், வானத்தை ஆண்டது பெற்றோல் இயந்திரம். காரணம், அன்றும் இந்தப் பாரமேயாகும்.

இந்நூற்றாண்டில், சூரிய ஒளியால் மின்சாரம் பெற்று உலகைச் சுற்றிய ‘சோலர் இம்பல்ஸ் 2’ விமானம் அனைவரையும் வியப்பில் ஆழ்த்தியது. சுவிற்சர்லாந்தினரான பேர்ட்ரண்ட் பிக்கார், அன்ட்ரே போர்ஷ்பேர்க் ஆகிய இருவரும் மாறி மாறி அதனைச் செலுத்தினர். அதன் இறக்கை போயிங் 747 விமானத்தின் இறக்கையைவிட அகலமானது, 72 மீற்றர். அத்தனை பெரிய இறக்கை சுமந்தது ஒரே ஒரு மனிதனை. 2015 மார்ச்சிற் புறப்பட்டு 2016 ஜூலையிலே பயணம் முடிந்தது. இடையில், மின்கலங்கள் அளவுமீறிச் சூடேறிப் பழுதுபட்டமையால், ஒன்பது மாதங்களுக்கு மேலாக ஹவாய்த் தீவிலேயே தங்க நேரிட்டது. அவர்கள் ஆகாய டாக்சி விற்கவில்லை. தாம் செய்வது ஒரு முயற்சி என்று வெளிப்படையாகக் கூறினர். ஆகவே அவர்களது சாதனை இன்றும் மங்காமல் நிற்கிறது.

இவ்வாறே சுலோவேனியா நாட்டின் பிப்பிஸ்திரெல் நிறுவனம் செய்த ‘வெலிஸ் எலெக்ட்ரோ’ என்னும் இருவர் செல்லும் மின்சார விமானம், 2020 ஜூன் மாதத்தில் ஐரோப்பியத் தகுதிச் சான்றைப் பெற்றது. அது ஓடுபாதையில் ஓடியே எழும். ஐம்பது நிமிடம் வரை பறக்கும். விமானம் ஓட்டப் பழகும் மாணவருக்கு அது போதும். சுருங்கச் சொன்னால், மின்சாரத்தாற் செய்யக்கூடியதைச் செய்வோம் என்றவர்கள் செய்து முடித்தார்கள். செய்யவொண்ணாததை நாள் குறித்து வாக்களித்தவர்களே நொடித்தார்கள்.

இறங்குவது எங்கே?

மயிற்பொறி நினைவூட்டிய கேள்விக்கு வருவோம். சாதாரண ஹெலிகொப்டரின் இயந்திரம் நடுவானில் நின்றுவிட்டால், கீழிறங்கும் வேகத்தில் எழும் காற்றே அதன் பெரிய சுழலியைச் சுற்றவைக்கும். தேர்ந்த ஓட்டுநர் அதனைக் கொண்டு மெதுவாக இறக்கிவிடுவார். பல சிறு விசிறிகளையுடைய பொறிகளிற் பெரும்பாலானவற்றுக்கு இவ்வசதி இல்லை. ஒன்றிரண்டு விசிறிகள் நின்றாலும் ஏனையவை தாங்கும் என்பது உண்மை. எல்லாவற்றுக்கும் மின்சாரமே தீர்ந்துபோனால் என்ன செய்வது? சில பொறிகளிற் பரசூட் வைக்கப்படுகிறது. பரசூட் விரிவதற்கு உயரம் வேண்டும்; வீட்டுக்கூரைக்குச் சற்று மேலே அது பயன்படாது.

இதனாலேயே விமானச் சட்டங்கள் சேமிப்பு ஆற்றலை வற்புறுத்துகின்றன. அமெரிக்க விதிகளின்படி, பகலில் கண்பார்வையாற் செலுத்தப்படும் ஹெலிகொப்டர் கூட, சேருமிடம் சென்ற பின்னரும் இருபது நிமிடம் பறக்கத்தக்க எரிபொருளை மிச்சம் வைத்திருத்தல் வேண்டும். எரிபொருள் விமானத்துக்கு இது சிறு சுமை. மொத்தத்தில் அரைமணி நேரமே பறக்கக்கூடிய மின்சாரப் பொறிக்கோ, இந்த இருபது நிமிடத்தைக் கழித்தபின் எஞ்சுவது எவ்வளவு? விளம்பரத்திற் சொல்லப்படும் தூரத்துக்கும் பயணி கண்ணாற் காணும் தூரத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தோன்றுகிறது.

மின்கலம் தீப்பற்றும் அபாயமும் சிறிதன்று. 2013 ஜனவரியில், போயிங் 787 விமானங்கள் இரண்டில் மின்கலங்கள் பழுதுற்றுப் புகைந்தமையால், அவ்வகை விமானங்கள் அனைத்தும் உலகெங்கும் மூன்று மாதங்களுக்கு மேலாகத் தரையில் நிறுத்தப்பட்டன. அந்த மின்கலத்தின் பாரம் முப்பது கிலோகிராமுக்கும் குறைவு. ஆகாய டாக்சியிலோ நூற்றுக்கணக்கான கிலோகிராம் மின்கலங்களோடு பயணி அமர்ந்திருப்பார். நகரத்துக்கு மேலே ஆளேற்றிச் செல்லும் இத்தகைய பொறியில், உயிர்ச்சேதம் விளைக்கும் பழுது நூறு கோடி மணி நேரப் பறப்பில் ஒருமுறைக்கு மேல் நிகழலாகாது என்று ஐரோப்பிய முகவரகம் வரையறுத்துள்ளது. சான்றிதழ் தாமதிப்பதை அதிகாரிகளின் பிடிவாதம் என்று குறை கூறுவோர், தம் மக்களை அதில் ஏற்றியனுப்ப நேர்ந்தால் அந்தப் பிடிவாதத்துக்கு நன்றி கூறுவர்.

யாருக்காக?

இவையெல்லாம் தீர்ந்துவிட்டன என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கேள்வி எஞ்சும். நகரத்து மக்களுள் எத்தனை பேர் இதில் ஏறுவார்கள்?

இதற்கு நியூயோர்க் நகரம் முன்னரே ஒரு விடை தந்திருக்கிறது. 1953ஆம் ஆண்டு முதல் நியூயோர்க் எயர்வேய்ஸ் என்னும் நிறுவனம் ஹெலிகொப்டரிற் பயணிகளை விமான நிலையங்களுக்குக் கொண்டு சென்றது. 1965இல், நகர நடுவிலுள்ள பான் அம் கட்டடத்தின் உச்சியிலிருந்தே சேவை தொடங்கிற்று. செல்வரும் வணிகரும் ஏறினர். கீழே வாழ்ந்தவர்கள் இரைச்சலைக் கேட்டனர். வருமானம் போதாமையால் 1968இல் கூரைச் சேவை நின்றது. 1977இல் மீண்டும் தொடங்கியது. அவ்வாண்டு மே 16ஆந் திகதி, கூரையிலே நின்ற ஹெலிகொப்டர் ஒன்றின் கால் முறிந்து அது சரிய, சுழன்றுகொண்டிருந்த அலகுகள் அங்கு நின்ற நால்வரைக் கொன்றன. உடைந்த துண்டொன்று கீழே விழுந்து, வீதியில் நடந்துசென்ற பெண்ணொருத்தியின் உயிரையும் கவர்ந்தது. கூரை நிலையம் அன்றே மூடப்பட்டது. இரண்டாண்டுகளில் நிறுவனமும் மறைந்தது.

அந்தப் பெண் பயணச்சீட்டு வாங்கியவள் அல்லள். அந்த ஹெலிகொப்டரால் அவளுக்கு யாதொரு நன்மையும் இல்லை. ஆகாயத்தில் ஓடும் வாகனத்தின் ஆபத்தை அதில் ஏறுபவர் மாத்திரம் ஏற்பதில்லை. கீழே கறிகாய் வாங்கிக்கொண்டு நடப்பவரும் ஏற்கிறார். பாரிஸ் நகர சபையினர் பலர் ஆகாய டாக்சியை எதிர்த்தபோது இதனையே வேறு சொற்களிற் கூறினர். வொலொகொப்டர் பாரிசுக்கென வகுத்த பொறியில் ஓட்டுநரைத் தவிர ஒரு பயணிக்கே இடமிருந்தது. ஒரு பேருந்து ஒரே நடையிற் கொண்டு செல்லும் அறுபது பேரைக் கொண்டு செல்ல, அது அறுபது முறை பறத்தல் வேண்டும். நெரிசலைத் தீர்க்கும் மருந்தென்று இதனைக் கூறுவது பொருந்துமா?

மறுபக்கம்

ஒருதலையாகப் பேசுதல் நம் நோக்கமன்று. சீனாவின் ஈஹாங் நிறுவனம் செய்த, ஓட்டுநரின்றி இருவர் செல்லும் மின்சாரப் பொறிக்கு அந்நாட்டு அதிகாரிகள் 2023 ஒக்டோபரில் தகுதிச் சான்று வழங்கினர்; 2025 மார்ச்சில் பயணிச் சேவை நடத்தும் உரிமையையும் வழங்கினர். அதன் பயணத் தூரம் சுமார் 30 கிலோமீற்றர். முதல் நோக்கம் உல்லாசப் பயணிகள் சுற்றிப் பார்ப்பது. அமெரிக்காவின் ஜோபி நிறுவனமும் பல ஆண்டு பொறுமையாகச் சோதனைகள் நடத்தி, 2025இல் துபாயிலும் பறந்து காட்டியது. நோயாளியையோ மருந்தையோ, வீதியில்லாத இடத்துக்குச் சில கிலோமீற்றர் கொண்டு செல்வதற்கு இத்தகைய பொறிகள் ஒருநாள் பெரிதும் உதவலாம். அந்நாள் வரும்போது வரவேற்பவர்களுள் நாமும் இருப்போம்.

நாம் ஐயுறுவது அறிவியலையன்று. நாள் குறித்து விற்கப்படும் கனவையே. அக்கனவு உடையும்போது சிதறுவது செல்வரின் பணம் மாத்திரம் அன்று. பங்கு வாங்கிய சிறு சேமிப்பாளர் உளர். பண்டிகைக்கு முன்னாள் வேலையிழந்த தச்சரும் மின்பொறியாளரும் உளர். அவர்களுட் பலர் நல்ல கைத்திறனுடையோர். கணக்குத் தவறியது அவர்களால் அன்று. இவற்றுக்கு மேலாக, இன்று மெய்யாகவே வீதியில் ஓடக்கூடிய மின்சாரப் பேருந்துக்கும், புகையிரதத்துக்கும், நல்ல நடைபாதைக்கும் செல்லவேண்டிய கவனத்தை இந்தப் படங்கள் கவர்ந்துவிடுகின்றன. நாளை ஆகாயத்திற் செல்லப்போகிறோம் என்று நம்பும் நகரம், இன்றைய வீதியைச் செப்பனிடச் சோம்பும்.

ஆகவே, இத்தகைய செய்தியொன்றை இனிக் காணும்போது வாசகர்கள் மூன்று கேள்விகளைக் கேட்பார்களாக. மனிதர் ஏறியிருக்க, சொல்லப்பட்ட தூரம் முழுவதையும் அது ஒருமுறையேனும் பறந்ததா? சேமிப்பு ஆற்றலைக் கழித்தபின் எஞ்சும் தூரம் எவ்வளவு? தகுதிச் சான்று கையில் இருக்கிறதா, அல்லது வருமென்ற நம்பிக்கை மாத்திரம் இருக்கிறதா? மூன்றுக்கும் தெளிவான விடை கிடைத்தால் மகிழ்வோம். கிடையாவிடின், படத்தைக் கண்டு களித்துவிட்டுப் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்வோம்.

“இது எப்போது வரும்?” என்று கேட்கும் சிறுவனுக்கும் இதையே விடையாகச் சொல்லலாம். ஒரு கிலோகிராமில் இன்னும் எத்தனை அலகை அடக்கலாம் என்று கண்டுபிடிப்பவன் பிறக்கும்போது வரும். இரசாயனப் பாடத்தை ஊன்றிப் படித்தால், அவன் நீயாகவும் இருக்கலாம் என்று.